மழைக்கு முன் கட்டிய காப்பு

தம்பி,

காலையில் ஒரு தடவையும் வேலை முடிந்து ஒரு தடவையும் போன் எடுத்து "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்கிற பிள்ளைக்கு, நலமா என்று கேட்டுக் கடிதம் தொடங்குவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீ நலம் என்று எனக்குத் தெரியும். நான் சாப்பிட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் கலியாணத்துக்குப் பிறகு நமக்குள் ஒரு விஷயம் பேசப்படாமலே கிடக்கிறது. நான் அதைத் தொட்டால் நீ உன் போன் திருத்துகிற கடையைப் பற்றித் தொடங்கிவிடுவாய். இல்லாவிட்டால் துர்க்காவைக் கூப்பிட்டு போனை அவள் கையில் கொடுத்துவிடுவாய். அவள் பாவம், என்ன சமைத்தீர்கள் என்று என்னைக் கேட்பாள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. வேண்டாம் என்றால் மடித்து வைக்கலாம், அவ்வளவுதான். நீ மடித்து வைக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் போதும். இடறுகிற இடத்தில் உன் மனைவி வாசித்துக் காட்டட்டும். இது அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அப்பாவின் தங்கை, உன் மாமி கையில் கிடைத்தாலும் பாதகமில்லை. நான் எதையும் ஒளித்து எழுதவில்லை.

விஷயம் இதுதான். உன் பொன்னுருக்கல் அன்று நான் வீட்டில் இல்லை. தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தக் காலையில், மாப்பிள்ளையின் தாய் நாணயத்தை எடுத்துப் பத்தர் கையில் கொடுக்க வேண்டிய நேரத்தில், நான் மலையில் வால்நட் மரங்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். நீ நம்பவில்லை. புருஷன் இல்லாதவள் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று யாரோ சொல்ல, நான் ஒதுங்கிப் போய்விட்டேன் என்று நினைத்தாய். இன்னும் அப்படித்தான் நினைக்கிறாய். அதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மரங்களைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலையைச் சொல்ல முடியாது. ஆகவே கொஞ்சம் பொறு. "பாஸ்தா, மம்மா" என்று இத்தாலிய மொழியில் போதும் சொல்லி இடையில் நிறுத்தாதே. சொன்னாலும் எனக்குக் கேட்காது.

அந்தத் தோட்டம் எப்படி நமக்கு வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. நீ சின்னப் பிள்ளை. வியா மக்வேதாத் தெருவில் நான் வீடு துடைக்கப் போன அவ்வொகாத்தோவுக்கு, அந்த வயது போன வழக்கறிஞருக்கு, மலையில் தகப்பன் வழி வந்த வால்நட் தோட்டம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் எல்லாம் ரோமில். பார்க்க ஆள் இல்லை. "உன் புருஷன் பார்த்துக்கொண்டால் விளைச்சலில் பாதி உங்களுக்கு" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். யோசிப்போம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தால், உன் அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வான் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அவர் ஊரில் மினிபஸ் ஓட்டியவர். நானோ, பூச்சட்டியில் ரோசா வைத்தாலும் பட்டுப்போகிற கை. எங்கள் இரண்டு பேரையும் நம்பி ஒருவர் மரங்களை ஒப்படைத்தாரே என்று இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

முதல் வருடம் இலை பச்சைப் பசேலென்று வந்தது. பிஞ்சு பிடித்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில் காண்கிற எல்லோருக்கும் போனில் படம் காட்டினார். காய் நெல்லிக்காய் அளவுக்கு வந்தபோதுதான் நுனியில் கறுப்புப் புள்ளி விழுந்திருப்பதைக் கண்டேன்.

"உது என்ன வருத்தமோ?" என்று கேட்டேன்.

"வருத்தமெண்டால் மருந்தடிப்பம். காய்ச்சல் வந்தாப் பிறகுதானே குளிசை போடுறது" என்றார் உன் அப்பா.

கடையில் போய் செம்பு மருந்து வாங்கி வந்தார். இந்த ஊரார் அதை வெர்தெராமே என்பார்கள். நம் மயில்துத்தம் சேர்ந்த சாமான்தான். மரமெல்லாம் நீலமாகிற அளவுக்கு அடித்தார். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் காய்கள் கறுத்து, நீலத்தோடு நீலமாக நிலத்தில் கிடந்தன. மருந்து பழசு, கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று கோபத்தோடு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன், அவர் இத்தாலிய மொழியில் சண்டை பிடிக்கப் போனால் பாதியில் தமிழுக்கு மாறிவிடுவார் என்ற பயத்தில். கடைக்காரி சண்டைக்கு வரவில்லை. எப்போது அடித்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். புள்ளி கண்ட பிறகு என்றேன். "கோப்ரே, சிஞ்ஞோரா. நோன் கூரா" என்றாள். மூடும், குணமாக்காது. அவ்வளவுதான் சொன்னாள்.

தம்பி, எங்களைக் கெடுத்தது எங்கள் சொல்தான். பயிருக்கு அடிக்கிற எல்லாவற்றையும் மருந்து என்று சொல்லியே பழகிவிட்டோம். மருந்து என்றால் நோய் வந்த பிறகு கொடுப்பது என்று மனம் தானாகவே நினைத்துக்கொள்கிறது. வால்நட்டைக் கறுக்க வைக்கிற பக்டீரியா வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. குளிர்காலம் முழுவதும் மொட்டுக்குள்ளேயே படுத்திருக்கும். மொட்டு வெடித்து மழை பெய்ய, அந்தத் தண்ணீரோடு இறங்கி இளம் இலைக்கும் பூவுக்கும் பிஞ்சுக்கும் போகும். உள்ளே போய்விட்டால் எந்தச் செம்பும் அதை எட்டிப் பிடிக்காது. ஆகவே மழை வருவதற்கு முன்பே செம்பு அங்கே இருக்க வேண்டும், காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும். முதல் தடவை மொட்டு வெடிக்கத் தொடங்கும்போது. ஆண்பூ பச்சை வாலாக நீளத் தொடங்கும், அதுதான் அடையாளம். அடுத்த தடவை, இலைக்கொத்தின் நடுவில் பெண்பூ எட்டிப் பார்க்கும்போது. அது பூ மாதிரியே இருக்காது. சின்னப் பச்சைக் குண்டுமணியின் தலையில் இரண்டு இறகு விரிந்தாற்போல இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பிறகு பிஞ்சு பிடித்ததும், மழை நீடித்தால் மட்டும் இன்னொரு தடவை. வெயில் பிடித்து நிலம் காய்ந்த பிறகு வீணாக அடிக்காதே. நாட்காட்டியைப் பார்த்தும் அடிக்காதே. மரத்தைப் பார், பிறகு வானத்தைப் பார். எல்லா மரமும் ஒரே நாளில் கண் விழிக்காது. கேற்றுக்குப் பக்கத்து மரங்கள் எப்போதும் முந்திக்கொள்ளும். நீ அவற்றைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

கறுத்த காயைக் கண்டவுடன் செம்பு என்று ஓடுவதும் பிழை. உன் அப்பாவின் பிழைகளில் பாதி அதுதான். முதலில் காயை வெட்டிப் பார். நுனியிலிருந்து உள்ளே கறுத்துக்கொண்டு போயிருந்தால் அது பக்டீரியா. உள்ளே துளையும் எச்சமும் இருந்தால் புழு. அதற்குச் செம்பு ஒன்றும் செய்யாது. ஆடி ஆவணியில் மேல்தோல் மட்டும் கறுத்துச் சளசளத்தால் அது ஈயின் வேலை. காய் நன்றாக இருந்து இலையில் மண்ணிறப் புள்ளி விழுந்தால் அது பூஞ்சணம். அது உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் இலையைக் கூட்டி அள்ளுவதும் மருந்தடிப்பதில் ஒரு பாதி என்று கணக்கு வை. செம்போடு சேர்த்து அடிக்கிற வேறு மருந்துகள் முன்பு இருந்தன. சிலவற்றை இப்போது தடை செய்துவிட்டார்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொரு வருடமும் கடைக்காரியிடம் கேள். கேட்பதில் வெட்கமில்லை. செம்பு நிலத்தில் விழுந்தால் அங்கேயே இருக்கும், போகாது. அதனால்தான் இவ்வளவுக்கு மேல் போடக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். பயத்தில் கூடுதலாக அடித்தால் மண் கெடும். பிறகு பக்டீரியாவுக்கும் அது பழகிவிடும்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் மழை வருகிறது என்ற அவதியில் அப்பா காற்றோடு அடித்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து சிஞ்ஞோரா வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். எல்லாம் நீலம். அவள் கத்தியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது, அப்பாவுக்கு எல்லாம் விளங்கியது. விரிப்புகளை ஒரேத்தோத் தெருவில் இருந்த நம் வீட்டுக்குக் கொண்டுவந்து தேசிக்காய்ப் புளி போட்டு ஊற வைத்து, கை தோல் உரிய நான் தேய்த்தேன். நீ பல்கனியில் நின்று, "அம்மா வானத்தைத் துவைக்கிறாவோ?" என்று அப்பாவிடம் கேட்டாய். அவர் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த சிஞ்ஞோரா நமக்கு ஒரு பெட்டி லோக்கத் பழமும் தந்து, இனிமேல் அடிக்கும்போது முன்கூட்டியே சொல்லுங்கள் என்றாள். அவளுடைய மகன்தான் இப்போது டிராக்டர் வைத்திருக்கிறான். அவனை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருவான்.

அப்பா போன பிறகு வந்த வசந்தத்தில் யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. நீ போகலாம் என்று சொன்னாய். நான் வேண்டாம் என்றேன். மருந்து வாங்கவும் அடிக்கவும் பத்தெந்தீனோ என்கிற அனுமதிப் பத்திரம் வேண்டும். அது அப்பாவின் பெயரில் இருந்தது. எனக்கோ அந்த வானில் ஏறவே மனம் வரவில்லை. இலையுதிர் காலத்தில் போய்ப் பார்த்தபோது மரத்தின் கீழ் கறுத்த காய் காலுக்குக் கீழ் நொறுங்கியது. அவ்வொகாத்தோ பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய பிள்ளைகள் மர வியாபாரி ஒருவனோடு பேசியிருக்கிறார்கள். வால்நட் பலகைக்கு நல்ல கிராக்கி. "இன்னும் ஒரு வருடம், சிஞ்ஞோரா. அதற்குமேல் என்னால் அவர்களைத் தடுக்க முடியாது" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. உன் அப்பா சின்னச் சின்னப் பிழையாக விட்டு விட்டுக் கற்ற ஒன்றை, ஒரே வருட அழுகையில் நான் தொலைத்துவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. குளிர்காலம் முழுவதும் நான் பத்தெந்தீனோ வகுப்புக்குப் போனது அதனால்தான். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. வீட்டில் குசினி மேசையில் நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். "இந்தெர்வால்லோ தி சிக்குரேத்ஸா" என்று, மருந்தடித்துக் காய் பறிக்கும்வரை விட வேண்டிய இடைவெளியின் பெயரை நீ சொல்ல, நான் தப்பாகச் சொல்ல, நீ சிசிலிக்காரன் மாதிரித் தலையில் அடித்துக்கொள்வாய். நீ எனக்குச் சொற்களைச் சொல்லித் தந்தாய். நேரத்தை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் பொன்னுருக்கல் அன்று நீ, நாளைக்கு அடித்திருக்கலாமே என்று கேட்டாய்.

இப்போது அந்தக் கிழமைக்கு வருகிறேன். மொட்டு வெடித்தபோது முதல் காப்பை நான் ஒழுங்காக அடித்துவிட்டேன். பெண்பூ விரிய வேண்டியதுதான் மிச்சம். மலையில் குளிர், அதனால் மே மாதத்தில்தான் அது விரியும். உன் பொன்னுருக்கலுக்கு ஐயர் நாள் வைத்தபோது இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முந்தின நாட்கள் ஷிரோக்கோக் காற்று அடித்தது, உனக்குத் தெரியும். பல்கனியில் காயப் போட்ட உடுப்பெல்லாம் செம்மண். அந்தக் காற்றில் மருந்தடிக்க முடியாது. பொன்னுருக்கலுக்கு முதல் நாள் பின்னேரம் நான் குசினியில் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். மாமி உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் கூட நின்று உருண்டை பிடித்தாள். பிறகு சொன்னாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. அண்ணை இல்லாத வீடு. நாணயத்தை நான் எடுத்துக் குடுக்கிறன். நீங்கள் அறைக்குள்ளை நிண்டு பாருங்கோ. பிள்ளையின்ரை நன்மைக்குத்தானே."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ என்னிடம், "நீங்கள்தான் குடுக்கோணும் அம்மா, ஆரும் ஏதும் சொன்னால் என்னட்டைச் சொல்லுங்கோ" என்று சொல்லியிருந்தாய். எனக்கென்று செங்கல் நிறத்தில் பட்டுச் சேலை எடுத்துத் தந்திருந்தாய். அதை நான் கண்ணாடிக்கு முன்னால் தோளில் போட்டும் பார்த்திருந்தேன். ஆனாலும் என் வாயில் வந்த சொல் "ஓம்" என்பதுதான். ஓம் என்றேன், அடுத்த உருண்டையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு கையைக் கழுவிவிட்டு போனில் மலையின் வானிலையைப் பார்த்தேன். விடியக் காற்று விழும், பின்னேரம் மழை தொடங்கும் என்று இருந்தது. பூ விரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். செம்பு காயக் கொஞ்ச நேரம் வேண்டும். ஆக, காலையில் அடித்தால்தான் உண்டு. ஐயர் வைத்த நல்ல நேரமும் அதே காலைதான். தம்பி, உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அந்த மழையைப் பார்த்தபோது எனக்குக் கவலை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அறைக்குள் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உன்னிடம் சொல்லி மாமியோடு நீ சண்டை பிடிப்பதைக் காண வேண்டியதும் இல்லை. மழை வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறது என்று ஆக்கிவிடலாம்.

நீ எழும்புவதற்கு முன்பே வானை எடுத்துவிட்டேன். "தோட்டத்துக்குப் போட்டு வாறன், நேரத்துக்குத் தொடங்குங்கோ" என்று உனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் விட்டேன். நீ அதை அன்று இரவுதான் கேட்டாய் என்று பின்னால் தெரிந்தது. மலையில் ஒரு இலை ஆடவில்லை. பூக்கள் விரிந்திருந்தன, எல்லா மரத்திலும். முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, நீளக் குழாயைத் தூக்கி உச்சிவரைக்கும் அடித்தேன். கீழே புல்லுக்குள் பூத்திருந்த இடங்களை விலத்தி அடித்தேன், தேனீக்களுக்காக. பத்தர் நம் பல்கனியில் உமிக் கரியை ஊதத் தொடங்கியிருப்பார் என்று நினைத்த நேரம் நான் கேற்றடி மரத்தில் நின்றேன். மோட்டரை நிறுத்தாமல் அழுதேன். அந்தச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் நீலம். சேலைப் பெட்டி கட்டிலில் அப்படியே இருந்தது. நீ வாசலில் நின்றாய்.

"எங்கை போனீங்கள்?"

"தோட்டத்துக்கு அப்பன். பூ விரிஞ்சிட்டுது, மழை வருது."

"நாளைக்கு அடிச்சிருக்கலாம்."

"நாளைக்கு மழையிலை அடிச்சு என்ன பிரயோசனம்?"

"மழையைச் சாட்டாதேங்கோ. மாமி என்ன சொன்னவ? உண்மையைச் சொல்லுங்கோ."

நான் புருவத்து நீலத்தைத் துடைத்தேன். நீ, "பாஸ்தா, மம்மா" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அன்று பின்னேரம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. ஒவ்வொரு துளி விழும்போதும் எனக்கு மரத்தைப் பற்றிய பயம் இல்லை. உன் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ நினைத்தது பாதி சரி. மழை உண்மை, பூ விரிந்தது உண்மை, அன்று காலை அடித்திருக்காவிட்டால் தோட்டம் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அடிக்க நான்தான் போயிருக்க வேண்டும் என்பது உண்மையில்லை. சிஞ்ஞோராவின் மகனிடம் பத்தெந்தீனோவும் இருக்கிறது, டிராக்டரும் இருக்கிறது. கேட்டால் மறுக்கிற பிள்ளையும் இல்லை. ஒரு போன்தான். அந்த போனை நான் எடுக்கவில்லை. எடுக்க நினைத்து மறந்துபோகவில்லை. எடுத்தால் அவன் ஓம் என்றுவிடுவான், பிறகு நான் வீட்டில் நிற்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது.

கலியாண மண்டபத்தில் நான் கீழே கதிரையில் இருந்தேன். நீ ஒரு தடவை மேலே வாங்கோ என்று கண்ணால் கூப்பிட்டாய். நான் காணாத மாதிரி இருந்துவிட்டேன். அப்போது ஐயர் உன் கையில் காப்புக் கட்டினார். தாலி கட்டுவதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கடைக்காரி சொன்னது திடீரென்று தமிழில் விளங்கியது. நாங்கள் மரத்துக்கு அடிப்பது மருந்தே இல்லை, காப்பு. ஏதும் வந்த பிறகு யாரும் காப்புக் கட்டுவதில்லை. மரத்தின் விஷயத்தில் இதை இவ்வளவு பாடுபட்டுக் கற்றவள், என் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டேன். அப்பா போன நாளிலிருந்து, உன் கலியாணத்தில் இப்படி ஒரு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். மாமியோடு முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேச்சு வந்து விழுந்த பிறகு என்ன மருந்தடித்தாலும் பிடிக்காது. பொன்னுருக்கலுக்குப் பிறகு நீ மாமியோடு போய்க் கத்தியதும் அப்படித்தான். அவளோடு நீ இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது. அவளிடமிருந்து அதை எடுத்துவிடு.

போன கிழமை நீங்கள் இருவரும் வந்து பிள்ளை வரப்போகிறது என்று சொன்னீர்கள். பங்குனியில் என்று டொக்டர் சொன்னதாகத் துர்க்கா சொன்னாள். நீங்கள் போன பிறகு நான் விரல் மடித்துப் பார்த்தேன். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு சித்திரையில் வரும். மலையில் மொட்டு வெடிக்கிற நேரம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்ததும் கபோச் சந்தையடிக்கு, மாமி வீட்டுக்குப் போனேன். சந்தை கலைகிற நேரம். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி போட எழும்பினாள், இருக்கச் சொன்னேன்.

"முப்பத்தொண்டு அண்டைக்குப் பிள்ளையின்ரை கையிலை காப்புப் போடுறது நான். இப்பவே சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவள் மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "சனம் கதைக்கும் மச்சாள்" என்றாள்.

"கதைக்கட்டும்."

மீனைத் திரும்பக் கையில் எடுத்தாள். பிறகு, "அண்ணை வாங்கி வச்ச பவுன் இருக்கெல்லே, அதிலை செய்விப்பமோ?" என்று கேட்டாள். அவளுடைய மனம் முழுதாக ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதை இந்த முறை நான் முன்னுக்குச் சொல்லிவிட்டேன்.

நேற்று மலைக்குப் போனேன். காய் பச்சையாகக் கனத்துத் தொங்குகிறது. அங்கொன்று இங்கொன்று கறுத்திருக்கிறது. அது இல்லாத வருடம் கிடையாது. அவ்வொகாத்தோ ஒன்றைப் பறித்து, தன் சின்னக் கத்தியால் வெட்டி, உள்ளே வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தார். மர வியாபாரியின் பேச்சு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ இந்தக் குளிர்காலம் பத்தெந்தீனோ வகுப்புக்குப் போ. குசினி மேசையில் நான் உனக்குச் சொல்லித் தருகிறேன்; தலையில் அடித்துக்கொள்வது இனி என் முறை. சித்திரையில் மொட்டைப் பார், வானத்தைப் பார். முப்பத்தொன்று அன்று மழை வரும் போல இருந்தால், முதல் நாளே போய் அடித்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடு. காற்றடித்து முதல் நாள் முடியாமல் போனால், சிஞ்ஞோராவின் மகனுக்கு ஒரு போன் எடு. நான் எடுக்காத அந்த போனை நீ எடு. என்னைத் தேடாதே. நான் செங்கல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிற்பேன், பிள்ளையின் கையில் காப்புப் போட.

அம்மா